எரிந்த கப்பலில் தப்பிய குழந்தை: ஒற்றையாள் தோணியில் ஆறுகளைக் கடந்த ஜான் மக்ரெகர்

1825-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி. ஐரோப்பாவின் மேற்குக் கரைக்கு அப்பால், பிஸ்கே வளைகுடாவில் கடும் புயல். மலை மலையாக அலைகள். அந்தப் புயலுக்கு நடுவே ஒரு பெரிய பாய்மரக் கப்பல் தீப்பற்றி எரிந்து கொண்டிருந்தது.

கப்பலின் பெயர் 'கென்ட்'. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்காக இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்குப் பட்டாளத்தை ஏற்றிக் கொண்டு புறப்பட்ட கப்பல் அது. சிப்பாய்கள், அவர்களுடைய மனைவி மக்கள், மாலுமிகள், பயணிகள் என்று 600 பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், பிறந்து ஐந்து வாரமே ஆன ஓர் ஆண் குழந்தை.

எரியும் கப்பலிலிருந்து அந்தக் குழந்தையைக் கரை சேர்க்க உதவியது ஒரு சிறு படகு. அதே குழந்தைதான் பின்னாளில் வளர்ந்து, ஓர் ஆள் மட்டும் உட்காரக் கூடிய சிறு தோணி ஒன்றைக் கட்டி, ஐரோப்பாவின் ஆறுகளையெல்லாம் சுற்றி வந்தது. பாறைகளுக்கு இடையே நுரை கக்கி ஓடும் ஆறுகளில் இன்று இளைஞர்கள் 'கயாக்' விடுகிறார்களே, அந்த விளையாட்டுக்கு முன்னோடி என்று உலகம் போற்றுவது அவரைத்தான். அவர் பெயர் ஜான் மக்ரெகர்.

சாராயப் பீப்பாயும் விளக்கும்

ஜான் மக்ரெகர் 1825-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிரேவ்ஸ்எண்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை டங்கன் மக்ரெகர், 31-வது காலாட்படையில் மேஜர். அவருடைய பட்டாளம் இந்தியாவுக்குப் போகும்படி உத்தரவாயிற்று. கைக்குழந்தையோடு தாயும் கப்பல் ஏறினார்.

புறப்பட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. புயலில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் சரக்கறையில் பீப்பாய்கள் உருண்டன. அவற்றைச் சரிபார்க்க விளக்கோடு இறங்கிய கப்பல் அதிகாரியின் கையிலிருந்து விளக்கு தவறி விழுந்தது. உடைந்து கிடந்த சாராயப் பீப்பாயில் தீ பிடித்துக் கொண்டது. கப்பலில் வெடிமருந்து அறை வேறு இருந்தது. தீ அங்கே எட்டினால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். எனவே கேப்டன், கீழ்த்தளத்துக் கதவுகளைத் திறந்து கடல் தண்ணீரை உள்ளே விடச் சொன்னார். மேலே தீ, கீழே தண்ணீர். தீயின் வேகம் குறைந்தது; ஆனால் கீழ்த்தளத்திலிருந்து ஏறி வர முடியாத சிலர் அங்கேயே மூழ்கி மாண்டார்கள்.

இனி நம்பிக்கை இல்லை என்று தோன்றிய நேரத்தில் மேஜர் டங்கன் ஒரு காகிதத்தில் கப்பலின் கதியை எழுதிப் புட்டியில் அடைத்தார். அந்தப் புட்டி பின்னர் அட்லாண்டிக் மாகடலின் மறுகரையில், பார்படோஸ் தீவில் ஒதுங்கியது!

அதற்குள் தொலைவில் ஒரு பாய்மரம் தெரிந்தது. அது 'கேம்ப்ரியா' என்னும் சின்னஞ்சிறு கப்பல். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து மெக்சிகோவுக்குப் பிழைக்கப் போகும் சுரங்கத் தொழிலாளர்கள் அதில் இருந்தார்கள். கென்ட் கப்பலிலிருந்து முதல் படகில் பெண்களையும் குழந்தைகளையும் இறக்கினார்கள். அலையில் படகு ஏறி இறங்க, சுரங்கத் தொழிலாளர்கள் கப்பல் விளிம்பில் நின்று ஒவ்வொருவராகத் தூக்கி எடுத்தார்கள். அப்படி மேலே போன முதல் உயிர் அந்த ஐந்து வாரக் குழந்தை.

படகுகள் இரவு வரை போய் வந்தன. கேம்ப்ரியா சுமார் 550 பேரைக் காப்பாற்றியது. நள்ளிரவுக்குப் பின் கென்ட் வெடித்துச் சிதறியது. மிதந்த மரத்துண்டுகளைப் பற்றிக் கொண்டிருந்த 14 பேரை மறுநாள் இன்னொரு கப்பல் மீட்டது. மாண்டவர்கள் சுமார் 80 பேர். அவர்களில் குழந்தைகள் மட்டும் 20 பேர்.

கூலி வேலைக்காகக் கடல் கடந்து போன முகம் தெரியாத மனிதர்களின் கைகள் தன்னைக் காப்பாற்றின என்ற கதையைக் கேட்டுத்தான் ஜான் வளர்ந்தார். அவர் வாழ்க்கை முழுவதையும் பார்த்தால், அந்தக் கடனை அவர் மறக்கவே இல்லை என்பது விளங்கும்.

படிப்பும் பாலிஷ் பையன்களும்

ஜான் டப்ளினிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் படித்தார். கணிதத்தில் சிறந்து விளங்கி 1847-ல் பட்டம் பெற்றார். சட்டம் படித்து 1851-ல் வக்கீலானார். புதிய கண்டுபிடிப்புகளுக்கு உரிமை வாங்கித் தரும் பேடண்ட் சட்டத்தில் அவருக்குத் தேர்ச்சி. கை நிறையச் சம்பாதிக்கலாம். ஆனால் மனம் கோர்ட்டில் நிற்கவில்லை.

அன்றைய லண்டன் தெருக்களில் ஆயிரக்கணக்கான சிறுவர்கள் அநாதையாகத் திரிந்தார்கள். கந்தல் துணி, காலி வயிறு. அவர்களுக்காக நடந்த இலவசப் பள்ளிகளில் மக்ரெகர் ஈடுபட்டார். 1851-ல் லண்டனில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. வெளிநாடுகளிலிருந்து கூட்டம் குவிந்தது. அந்தச் சமயத்தில் மக்ரெகரும் நண்பர்களும் ஒரு யோசனை செய்தார்கள். சிறுவர்களுக்குச் சிவப்புச் சட்டை தைத்துக் கொடுத்து, பிரஷ்ஷும் பாலிஷும் தந்து, தெரு முனைகளில் பூட்ஸ் துடைக்க உட்கார வைத்தார்கள்.

பிச்சை போடுவதல்ல இது, தொழில். வருமானத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒவ்வொரு நாளும் முதல் ஆறு பென்ஸ் பையனுக்கே. அதற்கு மேல் கிடைப்பதை மூன்று பங்காக்கி, ஒரு பங்கை அன்றே கையில் தருவார்கள். ஒரு பங்கு சங்கத்தின் செலவுக்கு. மூன்றாவது பங்கு பையன் பெயரில் சேமிப்பில். வளர்ந்து வேறு தொழிலுக்குப் போகும்போது அந்தப் பணம் கைகொடுக்கும். மெஜஸ்டிக்கிலும் ரயில்வே நிலைய வாசலிலும் பாலிஷ் பெட்டியோடு உட்கார்ந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

ரயில் விபத்து காட்டிய வழி

மக்ரெகருக்குத் துப்பாக்கி சுடுவதில் நல்ல பெயர் உண்டு. பந்தயங்களில் பரிசு வாங்கியவர். ஆனால் ஒரு ரயில் விபத்தில் சிக்கிய பிறகு துப்பாக்கியை உறுதியாகப் பிடிக்க முடியாமல் போயிற்று. வேறொருவராக இருந்தால் வீட்டோடு முடங்கியிருப்பார். இவர் படகின் பக்கம் திரும்பினார்.

1859-ல் இவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுற்றியவர். அங்கே பழங்குடி மக்கள் மரப்பட்டைத் தோணிகளில் ஆறுகளைக் கடப்பதைக் கண்டிருந்தார். வட துருவத்தை ஒட்டி வாழும் எஸ்கிமோ மக்கள் கடல்நாயின் தோலை இழுத்துக் கட்டிச் செய்யும் கயாக்கையும் அறிந்திருந்தார். கயாக்கில் மேற்புறம் முழுவதும் மூடியிருக்கும். ஆள் உட்கார நடுவில் ஒரு துளை மட்டும். வேட்டைக்காரனின் உடுப்பும் படகும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் அலை மேலே விழுந்தாலும் தண்ணீர் உள்ளே போகாது. இந்த அறிவு பெயர் தெரியாத அந்த மக்களுடையது. மக்ரெகர் அதை வாங்கி, ஐரோப்பிய ஆறுகளுக்கு ஏற்ப மாற்றிக் கொண்டார்.

1865-ல் லண்டன் லாம்பெத்தில் ஒரு படகுப் பட்டறையில் அவருடைய தோணி தயாரானது. நீளம் 15 அடி. அகலம் 28 அங்குலம். ஆழம் 9 அங்குலம். எடை 80 ராத்தல், அதாவது சுமார் 36 கிலோ. உடல் ஓக் மரம். மேல்மூடி செடார் மரம். துடுப்பு 7 அடி நீளம், இரண்டு முனையிலும் தட்டை. காற்று வந்தால் விரிக்க ஒரு சிறு பாய். மடியை மூடிக் கொள்ள ரப்பர் பூசிய துணி. மாற்றுடை வைக்க ஒரு சின்னப் பை. அவ்வளவுதான். தோணிக்கு 'ராப் ராய்' என்று பெயர் வைத்தார். தன்னுடைய மக்ரெகர் குலத்தில் பிறந்த ஸ்காட்லாந்து வீரன் ஒருவனின் பெயர் அது. நாளடைவில் ஜனங்கள் மக்ரெகரையே ராப் ராய் என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

முன்னே பார்த்துப் போகும் படகு

இந்தத் தோணியில் என்ன புதுமை? சாதாரணத் துடுப்புப் படகில் ஆள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து துடுப்பை இழுக்க வேண்டும். எதிரே பாறை வந்தால் கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். நம் ஒகேனக்கல் பரிசலில் ஒரே தட்டையுள்ள துடுப்பு. பரிசல் வட்டமாக இருப்பதால் கொஞ்சம் அசந்தாலும் சுழன்று விடும். ராப் ராய் தோணியில் ஆள் முன்னே பார்த்து உட்காருகிறான். இரு முனைத் துடுப்பை இடமும் வலமும் மாறி மாறிப் போடுகிறான். பாறை எங்கே, பள்ளம் எங்கே, நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் கண்ணுக்கு நேரே தெரிகிறது. மூன்று அங்குலத் தண்ணீர் இருந்தாலே மிதக்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் இழுத்துக் கொண்டோ, வண்டியில் ஏற்றிக் கொண்டோ போகலாம்.

1865 ஜூலைக் கடைசியில் மக்ரெகர் தனியாகப் புறப்பட்டார். பெல்ஜியம், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளின் ஆறுகளிலும் ஏரிகளிலும் சுமார் ஆயிரம் மைல் சுற்றினார். மியூஸ், ரைன், மைன், டான்யூப், ரூஸ், மோசெல், மார்ன், சேன் என்று வரிசையாக எத்தனையோ ஆறுகள்! ஓர் ஆறு முடிந்ததும் தோணியை ரயிலில் ஏற்றி அடுத்த ஆற்றுக்குப் போவார். பல நிலையங்களில் ரயில்வே சிப்பந்திகள் திகைத்தார்கள். இது பயணியின் சாமானா, சரக்கா? எந்தக் கணக்கில் கட்டணம் போடுவது? விதிப்புத்தகத்தில் இல்லாத சாமான் ஆயிற்றே! மக்ரெகர் சிரித்துப் பேசியே காரியத்தை முடித்துக் கொள்வார். ஊருக்கு ஊர் ஜனங்கள் பாலங்களில் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

நுரை கக்கும் நீரில்

ஆறு சரிவான இடத்தில் பாறைகள் மேல் மோதி ஓடும்போது காற்று கலந்து வெண்மையாக நுரைக்கிறது. இதனால் அப்படிப்பட்ட நீரை வெள்ளை நீர் என்று கூறுவார்கள். சிவசமுத்திரத்திலும் ஒகேனக்கல்லிலும் காவிரி அப்படித்தான் சீறுகிறது. அதில் படகு விடுவது வேறு வித்தை.

மக்ரெகர் அந்த வித்தையைத் தானே பழகினார். ஆபத்தான இடம் என்று தெரிந்தால் கரையிறங்கி, நடந்து போய்ப் பார்ப்பார். எந்த வாய்க்காலில் தண்ணீர் ஆழமாக, தடையில்லாமல் ஓடுகிறது என்று கணக்கிடுவார். முடியும் என்றால் இறங்குவார். முடியாது என்றால் தோணியைக் கரையோரம் இழுத்துச் செல்வார். அருவியில் குதித்துப் பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லை.

ஆனாலும் ஆறு எல்லா நேரமும் முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை. சுவிட்சர்லாந்தில் ரூஸ் ஆற்றில், பிரெம்கார்ட்டன் என்னும் ஊர் அருகே, இருபுறமும் கரை நெருங்கி நீரோட்டம் வேகம் பிடித்தது. நிறுத்த இடமில்லை. எதிரே தண்ணீர் குவியலாக எழும்பி நின்றது. தோணியின் மூக்கு அதற்குள் புகுந்தது. கனமான அலை அவர் மார்பில் அறைந்து கழுத்து வரை மூடியது. அடுத்த கணம் தோணி தானாகத் தலை நிமிர்ந்து மறுபக்கம் வெளிவந்தது. மேல்மூடியும் மடித்துணியும்தான் அன்று அவரைக் காப்பாற்றின. மேலே திறந்த படகாக இருந்தால் நிரம்பி மூழ்கியிருக்கும்.

புத்தகமும் சங்கமும்

திரும்பி வந்ததும் 1866-ல் தன் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். படங்களையும் அவரே வரைந்தார். புத்தகம் பல பதிப்புகள் ஓடியது. பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் அதைப் படித்து விட்டு, 1867 பாரிஸ் கண்காட்சியில் படகுகளுக்கும் படகுப் பந்தயத்துக்கும் ஏற்பாடு செய்தார். மக்ரெகர் 21 அடிப் பாய்ப்படகில் தன்னந்தனியாகக் கால்வாய்க் கடலைக் கடந்து அந்தக் கண்காட்சிக்குப் போய், திரும்பியும் தனியாகவே வந்தார்.

1866 ஜூலையில் லண்டனை அடுத்த ரிச்மண்டில் தோணிச் சங்கத்தைத் தொடங்கினார். உலகில் இன்றும் நடக்கும் கானோ சங்கங்களுக்கெல்லாம் இதுவே தாய். 1867-ல் தேம்ஸ் நதியில் முதல் பந்தயம் நடந்தது. இங்கிலாந்து இளவரசர் தலைமைப் பொறுப்பேற்றார். 1873-ல் 'ராயல்' பட்டம் கிடைத்தது. சங்கம் கனவான்களின் சங்கமாகவே இருந்தது என்பது உண்மை. ஆனால் மக்ரெகரின் பணம் போன இடம் வேறு.

அந்த முதல் புத்தகத்தில் தனக்குக் கிடைத்த லாபத்தை, கடலில் ஆபத்தில் சிக்கியவர்களை மீட்கும் உயிர்காப்புப் படகுச் சங்கத்துக்கும், கப்பல் உடைந்து தவிக்கும் மாலுமிகளுக்கு உதவும் சங்கத்துக்கும் எழுதி வைத்தார். பிறகு தன் பயணங்களைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார். சொற்பொழிவுகளில் வசூலானது பத்தாயிரம் பவுனுக்கு மேல். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. அத்தனையும் தருமத்துக்கே போயிற்று. கென்ட் கப்பலிலிருந்து தூக்கி எடுக்கப்பட்ட குழந்தை செலுத்திய வட்டி என்று இதைச் சொல்லலாம்.

உப்பு காத்த உயிர்

1866-ல் நார்வே, சுவீடன், டென்மார்க் பக்கம் ஒரு பயணம் முடித்த மக்ரெகர், 1868-ல் மேற்கு ஆசியாவுக்குப் புறப்பட்டார். போக்குவரத்துக்கு இன்னும் திறக்கப்படாத சூயஸ் கால்வாயிலும், நைல் நதியிலும், செங்கடலிலும் தோணி விட்டார். பிறகு டமாஸ்கஸ் வழியாக ஜோர்டான் நதிக்கு வந்தார்.

1869 தொடக்கத்தில், ஹூலே ஏரிக்கு மேலே ஜோர்டானில் போய்க் கொண்டிருந்தபோது அரபு மக்கள் சிலர் கரையோரம் ஓடி வந்து அவரை மறித்தார்கள். இப்படி ஒரு பிராணியை அவர்கள் பார்த்ததே இல்லை. துப்பாக்கியும் நீட்டப்பட்டது. கடைசியில் தண்ணீரில் குதித்துத் தோணியைப் பிடித்தார்கள். மக்ரெகர் இறங்க மறுத்தார். ஆளோடு சேர்த்துத் தோணியைத் தோளில் தூக்கிக் கொண்டு போய்த் தங்கள் தலைவரின் கூடாரத்து முன் வைத்தார்கள்!

மக்ரெகர் பதறவில்லை. பேச்சுக்கு நடுவே ஒரு சிறு டப்பியைத் திறந்து, அதிலிருந்த வெள்ளைப் பொடியைத் தலைவருக்குக் கொடுத்தார். சர்க்கரை என்று நினைத்து அவர் வாயில் போட்டுக் கொண்டார். அது உப்பு. உப்பைப் பகிர்ந்து உண்டவருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது அந்த மக்களின் தருமம். நம் ஊரிலும் உப்பிட்டவரை மறக்கக் கூடாது என்பார்கள் அல்லவா? எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரைப் போகவும் விட்டார்கள். கோரைக் காட்டுக்குள் ஜோர்டான் எந்த வழியாக ஹூலே ஏரியில் கலக்கிறது என்பதை அவர் தோணியில் போய்ப் பார்த்து வரைபடம் தயாரித்தார்.

கடைசி ஆண்டுகள்

1870-ல் லண்டனில் பள்ளிக் கல்வி வாரியம் அமைந்தபோது கிரீன்விச் தொகுதியிலிருந்து மக்ரெகர் தேர்ந்தெடுக்கப்பட்டார். தெருவில் திரியும் பிள்ளைகளைத் தொழிற்பள்ளிகளில் சேர்க்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பெரிய பயணங்கள் குறைந்தன. இந்த வேலை தொடர்ந்தது. 1873-ல், 48-வது வயதில் திருமணம். மனைவி ஆனி, ஒரு கடற்படைத் தளபதியின் மகள். இரண்டு பெண் குழந்தைகள். 1892-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி இங்கிலாந்தின் தென்கரையில், போர்ன்மவுத் அருகே மக்ரெகர் காலமானார். வயது 67.

அவருக்குப் பின்

தோணி நின்றுவிடவில்லை. 1900-க்குப் பிறகு ஜெர்மனியில் மடித்துப் பைக்குள் வைக்கும் கயாக் வந்தது. தொழிலாளர்களும் மாணவர்களும் அதை ரயிலில் எடுத்துக் கொண்டு மலையாறுகளுக்குப் போனார்கள். கவிழ்ந்த கயாக்கை, உள்ளே உட்கார்ந்தபடியே இடுப்பை நெளித்து, துடுப்பால் தண்ணீரைத் தட்டி நிமிர்த்துவது எஸ்கிமோக்களின் வித்தை. மக்ரெகருக்குக் கூட அது கைவந்ததில்லை. 1927-ல் ஆஸ்திரியாவில் பவ்லாட்டா என்பவர் அதைக் கற்றுப் பரப்பினார்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமைதி நீர்ப் பந்தயம் சேர்ந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கின்போது ஆக்ஸ்பர்க் நகரில் செயற்கையாகக் கட்டிய காட்டாற்றில் ஸ்லாலம் பந்தயம் நடந்தது. அதில் தொங்கும் கம்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து போக வேண்டும். பச்சைக் கம்பு என்றால் நீரோட்டத்தோடு. சிவப்பு என்றால் எதிர்த்து. இன்றைய விதிப்படி, கம்பில் பட்டால் 2 விநாடி தண்டம். தவறவிட்டால் 50 விநாடி.

ஓக் மரம் போய் இப்போது பிளாஸ்டிக் கயாக். பாறையில் மோதினாலும் உடையாது. காட்டாற்றுக் கயாக் 15 அடி இல்லை. 8, 9 அடிதான். மடித்துணியின் இடத்தில் இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் ரப்பர்ப் பாவாடை. தலைக்கவசம், மிதவைச் சட்டை இரண்டும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. தண்ணீரில் விழுந்தவருக்கு எறியக் கரையில் கயிற்றுப் பையோடு ஒருவர் நிற்பார்.

பெங்களூரிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் எட்டும் கோழிக்கோடு மாவட்டத்தின் கோடஞ்சேரிப் பக்கத்தில், சாலிப்புழை, இருவழிஞ்சிப்புழை ஆறுகளில் 2013-ல் தொடங்கிய மலபார் நதித் திருவிழா மழைக்காலத்தில் நடக்கிறது. வெளிநாட்டு வீரர்களும் நம் நாட்டு இளைஞர்களும் சேர்ந்து அங்கே பந்தயம் விடுகிறார்கள். முதல் நாள் அவர்கள் செய்வதும் மக்ரெகர் செய்ததுதான்: கரையில் நடந்து போய் ஆற்றைப் பார்ப்பது.

கென்ட் கப்பல் வங்காளம் வந்து சேரவே இல்லை. அதில் வந்திருக்க வேண்டிய குழந்தையும் தன் வாழ்நாளில் இந்திய ஆறு எதிலும் துடுப்புப் போட்டதில்லை. தோணி மட்டும் வந்து சேர்ந்து விட்டது. அதில் உட்காருகிற ஒவ்வொருவரும், கவிழ்ந்தவரை மீட்கக் கயிற்றோடு கரையில் காத்து நிற்கிற ஒவ்வொருவரும், கார்ன்வால் தொழிலாளர்கள் அன்று நீட்டிய கைகளுக்கும் கொஞ்சம் கடன்பட்டவர்களே.